எஃப் தீகா சத்து கோசோங்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஓர் இசைக்கருவிக் கடை. பள்ளிச் சீருடையைக்கூட மாற்றாமல் வந்திருந்த பையன் சுவரில் தொங்கிய யமஹாவைக் காட்டிக் கேட்டான்: "அண்ணே, எஃப் தீகா சத்து கோசோங் என்ன விலை?" கல்லாவில் இருந்தவர் தலை நிமிராமல், "த்ரீ-டென்னா தம்பி?" என்றார். கிள்ளானிலிருந்து பேத்திக்குக் கிட்டார் வாங்க வந்திருந்த பெரியவர் என் பக்கம் சாய்ந்து, "நாங்க இங்கிலீஷ் ஸ்கூல்ல படிச்சப்ப இதெல்லாம் த்ரீ ஒன் நாட்" என்றார்.

சுவரில் இருந்தது எஃப் 310. கிட்டார் கற்கத் தொடங்குகிறவர்கள் ஆசியா முழுக்க வாங்கும் மாடல். முதல் இரண்டு எண்களில் மொழி மட்டும்தான் மாறுகிறது. ஆளின் ஊரும் வயதும் படித்த பள்ளியும் தெரிந்துவிடுவது கடைசிச் சுழியில்.

பையனின் கோசோங்கை முதலில் எடுத்துக்கொள்வோம். மலாயில் அதற்கு 'காலி' என்று பொருள். ஆளில்லாத வீடும் கோசோங், யாரும் உட்காராத நாற்காலியும் கோசோங். கணக்குப் பாடத்தில் சுழிக்கு 'சிஃபார்' என்ற தனிச்சொல் இருக்கிறது. ஆனாலும் எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லும்போது வாயில் வருவது கோசோங்தான். நம்மவர்கள் அதைப் பள்ளியில் கற்றதைவிட மாமாக் உணவுக் கடையில் கற்றதே அதிகம் என்பது என் கணிப்பு. உள்ளே எதுவும் வைக்காத ரொட்டி, ரொட்டி கோசோங். பாலும் சீனியும் இல்லாத தேநீர், தே ஓ கோசோங். இந்த 'ஓ'வைச் சுழி என்று நினைத்து ஏமாறுகிற வெளியூர்க்காரர்கள் உண்டு. அது ஹொக்கியன் சீனத்தில் 'கறுப்பு'. ஆக அந்தக் குவளையில் சுழி போலத் தோன்றுவது சுழி இல்லை, பின்னால் வருவதுதான் சுழி.

காலி என்ற சொல்லே எண்ணுக்கும் பெயராவது மலாய்க்கு மட்டும் உரியதல்ல. வடமொழிச் 'சூன்ய'த்துக்கும் வெறுமை என்றே பொருள். அரபியர் அதைத் தம் மொழியில் 'சிஃப்ர்' என்றார்கள், அதற்கும் காலி என்றுதான் பொருள். 1202-இல் இத்தாலியக் கணித அறிஞர் ஃபிபோனாச்சி அதை லத்தீனில் 'செஃபிரம்' என்று எழுத, அது தேய்ந்து 'ஜீரோ' ஆனது. அதே அரபுச் சொல் பிரெஞ்சு வழியே போய் ஆங்கிலத்தில் 'சைஃபர்' ஆயிற்று. நம் பாட்டிமார் சொன்ன 'சைபர்' அதுதான், யாழ்ப்பாணத்தில் இன்றும் கேட்கலாம். மலாயின் சிஃபாரும் அதே வீட்டுப் பிள்ளை. சூன்யமும் மலாய்க்கு வந்து சேர்ந்திருக்கிறது, ஆனால் எண்ணாக அல்ல. 'சுன்யி' என்றால் அரவமற்ற, தனிமையான என்று பொருள். அழகான இடமாற்றம்.

சுழி இந்த வட்டாரத்துக்குப் புதியதும் அல்ல. சுமத்ராவின் பலேம்பாங் அருகே கிடைத்த தாலாங் துவோ கல்வெட்டு, பழைய மலாய் மொழியில், பல்லவ எழுத்திலிருந்து கிளைத்த வரிவடிவில் பொறித்தது. அதில் உள்ள ஆண்டு சக 606, அதாவது கி.பி. 684. நடுவில் ஒரு சுழி. 1981-இல் ரோலண்ட் நிறுவனம் வெளியிட்ட தாள இயந்திரம் ஒன்றுக்கும் 606 என்றே பெயர். இசைக்காரர்கள் அதை 'சிக்ஸ் ஓ சிக்ஸ்' என்பார்கள். கல்வெட்டு செதுக்கியவன் அந்தச் சுழியை எப்படி வாசித்தானோ!

தமிழில் கதையே வேறு. பழைய தமிழ் இலக்கத்தில் பத்து, நூறு, ஆயிரத்துக்குத் தனித்தனிக் குறிகள் இருந்ததால் சுழிக்கு வேலையே இல்லை. 310 என்பதை ௩௱௰ என்று எழுதினால் போதும்: மூன்று, நூறு, பத்து. காலி இடம் எங்கும் இல்லை. கடைக்காரரின் 'த்ரீ-டென்' இந்தக் கணக்குக்குத்தான் பக்கத்தில் நிற்கிறது, அவருக்கே தெரியாமல். பிற்பாடு சுழி வந்தபோது நாம் அதற்குப் பெயர்களை வாரி வழங்கினோம். வட்டத்தைப் பார்த்தவர்கள் சுழி, சுழியம் என்றார்கள். வேறு சிலர் 'பூஜ்யம்' என்றார்கள், சொல்லுக்குப் பொருள் வணங்கத்தக்கது. இலங்கையில் அது 'பூச்சியம்'. ஒன்றுமில்லாததை வணங்கத்தக்கது என்றவர் பெரிய ஞானியாக இருக்க வேண்டும், அல்லது பெரிய குறும்பராக.

இந்தப் பெயர்களில் ஒன்றுகூடக் கிட்டார் கடைக்குள் நுழையவில்லை. அங்கே அமெரிக்க வாசிப்புக்குத்தான் மவுசு. கிப்சன் 335-ஐ அமெரிக்கர்கள் 'த்ரீ தர்ட்டி-ஃபைவ்' என்பார்கள். கோலாலம்பூரில் 'டபுள் த்ரீ ஃபைவ்' என்று சொல்கிறவர் இருக்கிறார். அடுத்தடுத்து வரும் ஒரே எண்ணை 'டபுள்' என்பது பிரிட்டிஷார் விட்டுப்போன பழக்கம், சென்னையிலும் அப்படித்தான். அமெரிக்க வாசிப்புக்கு ஒரு நியாயமும் உண்டு. 1936-இல் வந்த கிப்சன் இஎஸ்-150-க்கு அந்த எண் வந்ததே, ஒலிபெருக்கியோடு சேர்த்து அது ஏறக்குறைய 150 டாலருக்கு விற்றதால்தான். விலையை யாராவது ஒன், ஃபைவ், ஜீரோ என்று பிரித்துச் சொல்வார்களா?

ஆனால் மார்ட்டின் கம்பெனியிடம் எல்லா வாசிப்பும் திணறும். அவர்களுடைய அளவுமுறையில் எண் குறையக் குறைய உடல் பெரிதாகும். ஒன்றுக்கு மேல் பெரிதாகச் செய்தபோது எண் தீர்ந்துபோக, 0 என்றார்கள். அதைவிடப் பெரியது 00, அதற்கும் மேல் 000. அமெரிக்கர் வாயில் 000-28 'டிரிபிள் ஓ டுவென்டி-எய்ட்'. நம் பையன்களில் ஒருவன் இதைக் 'கோசோங் மூணு, இருபத்தெட்டு' என்று படித்ததைக் கேட்டேன். சிரித்தார்கள். எனக்கு அதில் தவறு தெரியவில்லை. மூன்று காலிகளைச் சேர்த்தால் பெரிய வயிறு, கிட்டாருக்கு வேறென்ன வேண்டும்?

மோட்டார்சைக்கிள்காரர்கள் இதில் இன்னும் துணிச்சல். யமஹா ஒய்15-ஐ மலேசிய இளைஞர்கள் 'வொய் சூக்கு' என்பார்கள். சூக்கு என்றால் கால் பங்கு. பதினைந்து நிமிடம் கால் மணி நேரம் அல்லவா, அந்தக் கணக்கு. கிட்டார்காரர்களுக்கு இந்த விளையாட்டு இன்னும் வரவில்லை.

அன்று பையன் 'த்ரீ-டென்' வாங்கினான். ரசீது எழுதக் கடைக்காரர் கைபேசி எண் கேட்டார். பையன் இப்போது ஆங்கிலத்துக்கு மாறி "ஜீரோ ஒன் சிக்ஸ்..." என்று தொடங்க, இவர் எழுதிக்கொண்டே உரக்கத் திருப்பிச் சொன்னார்: "கோசோங், சத்து, எனாம்... ம், மேல சொல்லு."