தொலைநோக்கியின் நேரமும் சமூக உறவுகளும்

கருவிகளின் வரலாற்றை மேதைகளின் வரலாறாக நோக்குவது கருத்துமுதல்வாதமாகும். 1990இல் ஏவப்பட்ட ஹபிள் தொலைநோக்கி ஏறத்தாழ 95 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுகின்றது. பூமியே அதன் பார்வையை அடிக்கடி மறைக்கின்றது. ஆண்டுதோறும் பல்லாயிரம் அவதானங்களை இத்தகு தடைகளுக்கிடையே ஒழுங்குபடுத்தவேண்டிய தேவையே பால்ற்றிமோரில் ‘ஸ்பைக்’ எனும் திட்டமிடல் மென்பொருளைத் தோற்றுவித்தது. அப்பணிக்கென ஜோன்ஸ்ரன், அடோர்வ் ஆகியோர் அமைத்த நரம்பு வலைப்பின்னலை மின்ரன் முதலியோர் ஆராய்ந்தபோது, முரண்பாடுகள் குறையுமாறு அட்டவணையைப் படிப்படியாகத் திருத்தும் பொதுவிதி தெளிவாயிற்று. நடைமுறையே கோட்பாட்டை ஈன்றது.

ஆயினும், நேரம் எவருக்கு என்பதை மனிதர் குழுக்களே தீர்மானித்தன. பெண்கள் தலைமைதாங்கிய விண்ணப்பங்கள் பல்லாண்டுகளாக ஆண்களுடையவற்றிலும் குறைந்த வீதத்திலேயே ஏற்கப்பட்டன. 2018இல் பெயர்களை மறைத்து மதிப்பிட்டபோது அந்நிலை மாறியது. எந்திரம் அட்டவணையை வகுக்கும். முன்னுரிமையை வகுப்பது சமூக உறவே என்பதை நாம் மனங்கொள்ளல் வேண்டும்.