ஒராங்கி முன்னோடித் திட்டத்தின் வரைபடப் பணி

பாகிஸ்தானின் கராச்சி நகரிலுள்ள ஒராங்கியில், தெருக்களை அளந்து வரைபடமாக்கி, அந்த வரைபடத்தைக் கொண்டே மக்கள் தங்கள் செலவில் பாதாளச் சாக்கடை அமைத்துக்கொண்ட முயற்சி. 1980-இல் அக்தர் ஹமீத் கான் தொடங்கிய ஒராங்கி முன்னோடித் திட்டத்தின் அங்கமாக இது வளர்ந்தது. பின்னர் கராச்சியின் பிற குடிசைப் பகுதிகளுக்கும் நகர எல்லையோரக் கிராமங்களுக்கும் பரவியது.

பின்னணி

கராச்சியின் வடமேற்கில் உள்ள ஒராங்கியில் 1960-களில் குடியேற்றம் தொடங்கியது. 1971 போருக்குப் பின் வங்கதேசத்திலிருந்து வந்த உருது பேசும் அகதிகளால் அது வேகமாகப் பெருகியது. அரசுப் புறம்போக்கைத் தரகர்கள் மனைகளாகப் பிரித்து விற்றனர். பட்டா கிடைக்கவில்லை, ஆனால் மனைகள் ஒழுங்காகப் பிரிக்கப்பட்டதால் தெருக்கள் நேராக அமைந்தன. வீட்டை மக்களே கட்டிக்கொண்டனர். கழிவுநீர் மட்டும் வாசலில் ஓடியது. அதற்கு அரசு இலவசமாக வழி செய்யும் என்று பலர் காத்திருந்தனர்.

முன்னாள் ஐ.சி.எஸ். அதிகாரியான கான், கிழக்குப் பாகிஸ்தானின் கொமில்லாவில் ஊரக வளர்ச்சிப் பணியால் அறியப்பட்டவர். மக்கள் தாமே சாக்கடை அமைக்க விடாமல் தடுப்பவை நான்கு என்று அவர் கண்டார்: மனத்தடை, சமூகத் தடை, பொருளாதாரத் தடை, தொழில்நுட்பத் தடை. அளவெடுப்பும் வரைபடமும் கடைசித் தடையை நீக்கும் கருவிகளாயின.

தெரு அளவில் செயல்முறை

இருபது முப்பது வீடுகள் கொண்ட ஒரு தெருவே அடிப்படை அலகு. தெருவாசிகள் கூடித் தங்களுக்குள் ஒருவரைப் பொறுப்பாளராகத் தேர்ந்தெடுத்து உதவி கேட்டால்தான் திட்டத்தின் தொழில்நுட்பர்கள் அங்கு வருவார்கள். அவர்கள் மட்டம் பார்த்து, வாட்டம் கணக்கிட்டு, வரைபடத்தையும் செலவு மதிப்பீட்டையும் பொறுப்பாளர் கையில் கொடுப்பார்கள். வீடு வீடாகப் பணம் திரட்டுவது, குழி தோண்டுவது, குழாய் பதிப்பது எல்லாம் தெருவின் வேலை. திட்டம் பணம் தருவதில்லை. கருவிகளையும் அச்சுகளையும் இரவல் தந்து, மேற்பார்வை மட்டும் செய்யும்.

ஒப்பந்தக்காரரின் லாபம் இல்லாததாலும், ஆள்நுழைவுத் தொட்டிகளின் வடிவம் எளிதாக்கப்பட்டதாலும், செலவு அரசு மதிப்பீட்டைவிடப் பல மடங்கு குறைந்தது. கழிப்பறைக்கும் தெருக் குழாய்க்கும் இடையே ஒரு சிறு தொட்டி வைக்கப்பட்டது. திடக்கழிவு அதில் தங்கிவிட, தண்ணீர் மட்டும் குழாய்க்குப் போனது.

தெருவிலிருந்து நகரத்துக்கு

முதலில் சாக்கடை அமைத்தவை பெரும்பாலும் இயற்கை ஓடைகளுக்கு அருகிலிருந்த தெருக்கள். உள்ளே தள்ளியிருந்த தெருக்களின் நீரை எங்கே கொண்டு சேர்ப்பது என்பதற்குத் தனித்தெரு வரைபடம் போதவில்லை. பகுதி முழுவதன் வாட்டமும் தெரிய வேண்டியிருந்தது. இதிலிருந்து ஒரு வேலைப் பிரிவினை உருவானது. வீட்டுக் கழிப்பறை, தெருச் சாக்கடை, அவற்றை இணைக்கும் துணைச் சாக்கடை ஆகியவை மக்கள் பொறுப்பு. பெருஞ்சாக்கடையும் சுத்திகரிப்பு நிலையமும் அரசின் பொறுப்பு. பாகிஸ்தானின் 2006 தேசியச் சுகாதாரக் கொள்கை இந்தப் பிரிவினையை ஏற்றது.

1988-இல் திட்டம் தனித்தனி நிறுவனங்களாகப் பிரிந்தது. அதன் ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனத்தைக் கட்டடக் கலைஞர் பர்வீன் ரஹ்மான் வழிநடத்தினார். உள்ளூர் இளைஞர்கள் அளவெடுப்பில் பயிற்சி பெற்று, கராச்சியின் குடிசைப் பகுதிகளையும் ஓடைகளையும் வரைபடமாக்கினர். பல பகுதிகளில் மக்கள் ஏற்கெனவே சாக்கடை போட்டிருந்ததும், கழிவுநீர் ஓடைகள் வழியாகவே கடலை நோக்கிச் செல்வதும் அந்த வரைபடங்களில் பதிவாயின. கராச்சியின் கோரங்கிப் பகுதியில் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் நிறைவேற்றப்படவிருந்த கழிவுநீர்த் திட்டம் 1999-இல் கைவிடப்பட்டதில் இந்த ஆவணங்களுக்குப் பங்கு உண்டு. ஏற்கெனவே இருக்கும் சாக்கடைகளைக் கணக்கில் எடுத்து, ஓடைகளையே மூடிய பெருஞ்சாக்கடைகளாக மாற்றலாம் என்பது கட்டடக் கலைஞர் ஆரிஃப் ஹசன் உள்ளிட்ட ஒராங்கித் திட்டத்தினரின் மாற்று யோசனை.

நிலமும் ஆபத்தும்

2000-களின் நடுப்பகுதியிலிருந்து நகர விளிம்பிலுள்ள பழைய கிராமங்களும் வரைபடமாயின. ஒரு கிராமம் எங்கே, எவ்வளவு பரப்பில் இருக்கிறது என்பதற்கு ஆதாரம் கிடைத்ததும் அங்குள்ளோர் நில உரிமை கோர முடிந்தது. நிலத்தைக் கவர நினைத்தவர்களுக்கு அதே தாள் இடைஞ்சலானது. குடிநீர்த் திருட்டு நடக்கும் இடங்களையும் நிறுவனம் பதிவு செய்தது. இந்தப் பணிகளை வழிநடத்திவந்த பர்வீன் ரஹ்மான் 2013 மார்ச் 13 அன்று கராச்சியில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

மதிப்பீடு

மக்கள் தங்கள் பங்கை முடித்தாலும் அரசு தன் பங்கை முடிக்காவிட்டால், கழிவுநீர் சுத்திகரிக்கப்படாமலேயே ஓடையில் கலக்கும் என்பது இந்த முறையின் முக்கியக் குறை. வரைபடம் தரும் பாதுகாப்புக்கும் எல்லை உண்டு. கராச்சியில் 2020 வெள்ளத்துக்குப் பின் குஜ்ஜர், ஒராங்கி ஓடைகளை அகலப்படுத்துவதற்காக 2021-இல் கரையோர வீடுகள் ஆயிரக்கணக்கில் இடிக்கப்பட்டன. குத்தகை ஆவணம் வைத்திருந்தவர்களின் வீடுகளும் அவற்றில் அடங்கும்.