தானாக உண்ணும் குழந்தையும் இணை உணவும்: தமிழ்நாட்டு வரலாறு

ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்குத் தாய்ப்பாலுடன் சேர்த்துத் தரப்படும் உணவு இணை உணவு எனப்படும். அதைக் கூழாக்கி ஊட்டுவதா, கையில் பிடிக்கத்தக்க துண்டுகளாகக் கொடுத்துக் குழந்தையையே உண்ணவிடுவதா என்ற விவாதம், பிரித்தானியாவின் கில் ரேப்ளியும் டிரேசி மர்க்கெட்டும் எழுதிய நூல் 2008-இல் வெளிவந்தபின் உலகெங்கும் பரவியது. எனினும் குழந்தையின் கை உணவில் படுவது தமிழருக்குப் புதிதன்று.

புறநானூற்றின் 188-ஆம் பாடலில், நெய்ச்சோற்றைத் தொட்டும் கவ்வியும் துழாவியும் உடலெங்கும் பூசிக்கொள்ளும் குழந்தையைப் பாண்டியன் அறிவுடைநம்பி காட்டுகிறார். குழந்தையின் சிறுகை அளாவிய கூழை 64-ஆம் குறள் அமிழ்தினும் மேலாக வைக்கிறது. ஆனால் பாண்டியன் காட்டும் குழந்தை ஏற்கெனவே நடக்கத் தொடங்கிவிட்டது. எனவே முதல் உணவு எப்படித் தரப்பட்டது என்பதற்கு அப்பாடலைச் சான்றாகக் கொள்ள இயலாது. அண்மைக்கால வழக்கில் முதல் உணவு பெரும்பாலும் ஊட்டப்படுவதே. ஊறவைத்து அரைத்துத் துணியில் வடிகட்டிக் காய்ச்சிய கேழ்வரகுக் கூழ், குழையப் பிசைந்த பருப்புச் சோறு, இட்லி ஆகியவை வழியாகவே பிள்ளைகள் வீட்டுச் சாப்பாட்டுக்கு வந்தனர்.

இணை உணவு அரசின் பொறுப்பாக மாறியதில் தமிழ்நாட்டுக்குத் தனி இடம் உண்டு. 1982-இல் எம்.ஜி.ஆர். அரசு தொடங்கிய சத்துணவுத் திட்டமே பலருக்கும் நினைவில் நிற்கிறது; அதில் சேர்ந்த மிகச் சிறிய பிள்ளைக்கே இரண்டு வயது. எடை மிகுதியாகத் தவறுவது அதற்கு முந்தைய பருவத்தில்தான். அந்தப் பருவத்தைக் குறிவைத்து, உலக வங்கிக் கடனுதவியுடன் 1980-இல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் மதுரை மாவட்டத்தின் கொட்டாம்பட்டி வட்டாரத்தில் தொடங்கியது. பின்னர் அது பரவிய மாவட்டங்களுள் செங்கல்பட்டும் ஒன்று. சென்னை–அரக்கோணம் ரயில் பாதையிலுள்ள வேப்பம்பட்டு அக்காலத்தில் அம்மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. திருவள்ளூர் மாவட்டம் பிரிந்தது 1997-இல்.

ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகள் மாதந்தோறும் எடை பார்க்கப்பட்டனர். குழந்தையின் எடை போதிய அளவு கூடவில்லையெனில் 90 நாள்களுக்குக் கூடுதல் உணவு தரப்பட்டது. எல்லாருக்கும் எப்போதும் தராமல், எடை தேங்கியவர்களுக்கு மட்டும் குறித்த காலம் தந்ததே இத்திட்டத்தின் புதுமை. வீட்டு உணவைக் குறைத்துவிடாமலிருக்க, அது சாப்பாடாக அன்றி லட்டு வடிவில் தின்பண்டமாகத் தரப்பட்டது. தாய்மாருக்குச் சொல்லப்பட்ட அறிவுரைகளும் லட்டுக்கு இணையாக முக்கியமானவை. கையில் பிடிக்க எளிது என்றாலும், பல் முளைக்காத குழந்தைக்கு உலர்ந்த லட்டு அப்படியே தரத்தக்கதன்று. இப்போது அங்கன்வாடிகளில் கோதுமை, கேழ்வரகு, கடலைப்பருப்பு, வெல்லம் முதலியன கலந்த இணை உணவு மாவு வழங்கப்படுகிறது. மக்கள் வழக்கில் அது சத்துமாவு.

குழந்தையைத் தானே உண்ணவிட்டால் மூச்சு அடைத்துவிடுமோ என்பதே பெற்றோரின் முதல் அச்சம். நியூசிலாந்தில் 206 குடும்பங்களைக் கொண்டு நடந்து 2016-இல் வெளியான ஆய்வில், ஊட்டப்பட்ட குழந்தைகளுக்கும் பாதுகாப்பு அறிவுரையுடன் தாமாக உண்டவர்களுக்கும் இதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. கவலைக்குரியது வேறொன்று: இரு பிரிவிலும் அடைக்கக்கூடிய உணவு பல குழந்தைகளுக்குத் தரப்பட்டிருந்தது. ஆபத்து முறையைவிட உணவின் வடிவிலும் கடினத்திலும் இருக்கிறது.

தமிழ் வீடுகளில் எளிதில் கைக்கு வரும் வேர்க்கடலை, பொட்டுக்கடலை, முறுக்கு, பச்சைக் கேரட், முழுத் திராட்சை ஆகியவை இவ்வகையின. இரு விரல்களுக்கிடையே அழுத்தினால் மசியும்படி வேகவைத்த பூசணி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, நீளவாக்கில் வெட்டிய இட்லி ஆகியவை ஏற்றவை. சத்துமாவை விரல் நீளக் கொழுக்கட்டையாகப் பிடித்து மென்மையாக அவித்தும் தரலாம். குழந்தை தலை நிற்க, நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். படுத்த நிலையிலோ, தவழும்போதோ, தனியாகவோ உண்ணக் கூடாது. குமட்டி இருமும் குழந்தை பெரும்பாலும் தானாகவே உணவை வெளித்தள்ளும். அப்போது வாய்க்குள் விரல் விட்டால் துண்டு உள்ளே போய்விடலாம். ஒலியே எழாவிட்டாலோ முகம் நீலம் பாய்ந்தாலோ அது அடைப்பு. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையைத் தலை தாழ முன்கையில் குப்புறக் கிடத்தி, தோள்பட்டைகளுக்கிடையே ஐந்து முறை தட்ட வேண்டும். பலனில்லையெனில் மல்லாத்தி மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் ஐந்து முறை அழுத்த வேண்டும். அடைப்பு நீங்கும்வரை இவற்றை மாற்றி மாற்றிச் செய்தபடியே 108-ஐ அழைக்க வேண்டும்.