அளவு வேறுபாடா, தன்மை வேறுபாடா? 0.3% அடாபலீன் ஜெல் வழக்கு

முகப்பருவுக்கான அடாபலீன் ஜெல் 0.1% செறிவில் 1996-இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. 0.3% ஜெல்லுக்கு ஒப்புதல் 2007-இல். அதன் ஜெனரிக் வடிவத்தை விற்க டோல்மார் நிறுவனம் விண்ணப்பிக்கவே, காப்புரிமையாளரான கால்டெர்மா நிறுவனம் வழக்குத் தொடுத்தது. டெலவேர் மாவட்ட நீதிமன்றம் காப்புரிமை செல்லும் என்றது. 2013 டிசம்பரில் ஃபெடரல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம், துறை அறிந்தவருக்கு எளிதில் தோன்றக்கூடியதே இது என்று கூறி அத்தீர்ப்பைத் தள்ளியது. இருவர் ஒரு பக்கம். நீதிபதி நியூமன் மறுபக்கம்.

பெரும்பான்மையின் வாதம் இது: பழைய காப்புரிமைகளே 0.01 முதல் 1% வரையிலான வீச்சைச் சொல்லிவிட்டன, 0.3% அதற்குள் அடங்குகிறது; ஆகவே மறுசான்று தர வேண்டியவர் காப்புரிமையாளர். நிரூபிக்கும் சுமை இதனால் இடம் மாறுகிறது என்றார் நியூமன். நூறு மடங்கு அகன்ற வீச்சு எதைத்தான் அடக்காது என்று எனக்கும் கேட்கத் தோன்றுகிறது. ஆனாலும் இவ்வழக்கில் அந்தக் கேள்வி உதவாது. சந்தையிலிருந்த 0.1% ஜெல்லின் பிற சேர்மானங்கள் அப்படியே இருக்க, மருந்தின் அளவு மட்டுமே கூடியது. இன்னும் வலுவான பலன் தேடும் மருந்தாக்குநர் அதை முயன்று பார்ப்பதில் வியப்பில்லை.

என் மறுப்பு வேறிடத்தில். அடாபலீன் போன்ற ரெட்டினாய்டு வகை மருந்துகளில் செறிவு ஏறினால் தோல் சிவப்பதும் வறள்வதும் உரிவதும் ஏறும் என்பதே துறையினரின் எதிர்பார்ப்பு. அந்த அச்சம் 0.3%-ஐ முயல்வதையே தடுத்துவிடாது என்று நீதிமன்றம் சொன்னது சரி. ஆனால் மூன்று மடங்கு செறிவிலும் தோல் ஏறத்தாழ முன்போலவே தாங்கிக்கொண்டது. இது எதிர்பாராததுதான், எனினும் வேறுபாடு அளவில்தான், தன்மையில் அல்ல என்று நீதிமன்றம் ஒதுக்கியது. எதன் அளவு? விழுக்காட்டுக் கணக்கில் வேண்டுமானால் அப்படி இருக்கலாம். எரிச்சல் பொறுக்காமல் இரண்டாம் வாரமே குழாயை மூடி வைப்பவருக்கு மருந்தின் வீரியத்தால் என்ன பயன்? பூசும் மருந்தின் உச்ச அளவைப் பல வேளைகளில் தோலின் பொறுமையே முடிவு செய்கிறது. செறிவோடு எரிச்சலும் ஏறும் என்று நம்பப்பட்ட பிணைப்பே இங்கு தளர்ந்திருக்கும்போது, அதை வெறும் கூடுதல் குறைவாக எண்ண முடியாது.

வழக்கமான சோதனை செய்த எவருக்கும் இந்தப் பண்பு புலப்பட்டிருக்குமே என்பது வலுவான எதிர்வாதம். ஆனால் சோதனைக்குப் பின் தெரிந்ததை, சோதனைக்கு முன் எதிர்பார்த்ததாக எண்ணுவது பின்னறிவின் பிழை. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1966 கிரஹாம் தீர்ப்பு, வணிக வெற்றி போன்ற புறச்சான்றுகளுக்கு இடம் தந்ததில் இந்தப் பிழைக்குக் கடிவாளம் இடும் நோக்கமும் இருந்தது.

வணிக வெற்றியைப் பொறுத்தவரை பெரும்பான்மையோடு உடன்படுகிறேன்: முந்தைய காப்புரிமைகள் பிறரை அந்தக் களத்திலேயே நுழைய விடாதபோது, 0.3% நன்றாக விற்றது என்பதிலிருந்து எதையும் பெரிதாக ஊகிக்க இயலாது. தோலின் சான்றை உரிய எடையோடு நிறுத்தியிருந்தாலும் காப்புரிமை தோற்றிருக்கக்கூடும். ஆனால் அதைத் தராசில் வைத்த பிறகு தோற்றிருக்கும்.