எதிரியே இல்லாத சாவுகள்

மயிலாப்பூர்ல பழைய குடும்பம் எதுலயாவது 'உலகப் போர்'னு சொல்லிப் பாருங்க, ரெண்டு கதை வரும். ஒண்ணு, 1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன் கப்பல் குண்டு போட்டது. இன்னொண்ணு, 1942 ஏப்ரல்ல ஜப்பான்காரன் வர்றான்னு ஊரே காலி பண்ணினது. எங்க பாட்டி, கச்சேரி ரோட்டு வீட்டைப் பூட்டிட்டு கும்பகோணத்துக்கு ரயில் ஏறினதை நேத்து நடந்த மாதிரி சொல்லுவாங்க.

ரெண்டு கதையிலும் ஒரு எதிரி இருக்கான். இன்னைக்கு நான் பேசப்போறது எதிரி இல்லாம நடந்த சாவுகளைப் பத்தி.

போன மாசம் டிரேட் சென்டர்ல ஒரு எக்ஸ்போவுக்குப் போயிட்டுத் திரும்பும்போது, நந்தம்பாக்கத்துல இருக்கற மெட்ராஸ் போர்க் கல்லறைத் தோட்டத்துக்குள்ள போனேன். எத்தனையோ தடவை பஸ்ல தாண்டிப் போயிருக்கேன், இறங்கினதே இல்லை. இரண்டாம் உலகப் போர்ல இறந்த 856 பேர் அங்க இருக்காங்க. தெற்கு, கிழக்கு இந்தியாவுல பல ஊர்க் கல்லறைகள்ல சிதறிக் கிடந்தவங்களை, அங்க நிரந்தரமாப் பராமரிக்க வழியில்லைன்னு, போருக்கு அப்புறம் இங்க கொண்டுவந்தாங்க.

ஒவ்வொரு கல்லுலயும் பதவி, பெயர், படைச் சின்னம், இறந்த தேதி, வயசு. கழுகு இருந்தா விமானப்படை. கீழே சிலதுல குடும்பத்தார் எழுதச் சொன்ன ஒரு வரி. எப்படி இறந்தார்ங்கறது மட்டும் கிடையாது. அதுக்கு ஒரு துப்பு இருக்கு. இந்த மாதிரித் தோட்டம் எங்க இருந்தாலும், கழுகு போட்ட கல்லுகள் ஒரே தேதியோட பக்கத்துப் பக்கத்துல நின்னா, பெரும்பாலும் அவங்க ஒரே விமானத்துல போனவங்க.

எதிரிதான் சுட்டிருக்கணும்னு அவசியமே இல்லை. பர்மா போர்முனைக்காக நம்ம பக்கத்துல தாம்பரம், அரக்கோணம், சோழவரம், உளுந்தூர்பேட்டைன்னு ஓடுதளங்கள் வந்தன. அதுக்கும் முன்னாடியே பரங்கிமலையில ஒரு கடலோரக் காவல் விமானப் பிரிவு இருந்துச்சு. அவங்க ஓட்டினது வாப்பிட்டி, மேல மூடியே இல்லாத பழைய இரட்டை இறக்கை விமானம். ஒத்தை இன்ஜின். கடலுக்கு மேல போகும்போது அது நின்னா என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சுக்கங்க. புது ஆளு, பழகாத வண்டி, பருவமழை மேகம், ராத்திரிப் பயிற்சி. பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையில மட்டும் பயிற்சியில இறந்தவங்க 5,000 பேருக்கு மேல. அமெரிக்காவுல, சொந்த மண்ணுலயே, சுமார் 15,000.

எண்ணிக்கையா சொன்னா எதுவும் புரியாது. கொஞ்சம் வடக்கே, ஒடிசாவுக்குப் போவோம். மயூர்பஞ்ச் மாவட்டத்துல அமர்தா ரோடுன்னு ஒரு விமானப்படைத் தளம். 1945 ஜூலை 26. லிபரேட்டர்னு நாலு இன்ஜின் வெச்ச பெரிய குண்டுவீச்சு விமானங்கள், நெருங்கி அணிவகுத்துப் பறக்கற பயிற்சியில இருந்தன. தாழ்வான உயரம். ரெண்டு விமானம் மோதிக்கிச்சு. 14 பேரும் இறந்தாங்க. இருபதே நாள்ல, ஆகஸ்ட் 15 அன்னைக்கு ஜப்பான் சரணடைஞ்சுது.

அந்தத் தந்தி வீட்டுக்கு எப்போ போய்ச் சேர்ந்திருக்கும்? தெருவே போர் முடிஞ்சதைக் கொண்டாடும்போது, அந்த அம்மா 'என் பையன் சண்டையில சாகலை, பழகும்போது செத்தான்'னு யார்கிட்ட சொல்லியிருப்பாங்க? 'வீரமரணம்'ங்கற வார்த்தையை அவனுக்குக் கொடுக்கத் தயங்கற ஆட்கள் இன்னைக்கும் இருக்காங்க. கல்லறைத் தோட்டம் தயங்கலை. குண்டடி பட்டவனுக்கும் பயிற்சியில விழுந்தவனுக்கும் அதே உயரக் கல்.

ஆனா கல்லுகூடக் கிடைக்காதவங்க உண்டு. நம்ம பசங்களும் ஹைதராபாத் பேகம்பேட்டையில டைகர் மாத் ஓட்டிப் பழகி, அம்பாலா போய்ப் பெரிய விமானம் கத்துக்கிட்டாங்க. அதுல இறந்த இந்துக்களைத் தகனம் பண்ணிடுவாங்க. கடல்ல விழுந்தா யாருக்குமே கல் கிடையாது. தெற்கு, கிழக்கு ஆசியாவுலயும் சுத்தியிருக்கற கடல்லயும் விழுந்து, உடல் கிடைக்காமப் போன விமானப்படையினரின் பெயர்கள் சிங்கப்பூர் கிராஞ்சியில இருக்கு. தரைப்படையையும் சேர்த்து 24,000-க்கு மேல. அந்த நினைவுச் சின்னத்தோட கூரையே விமானத்தின் இறக்கை மாதிரிதான். மெரினாவுக்கு நேரா விழுந்தவனைத் தேடணும்னாலும் அங்கதான் போகணும்.

சிங்கப்பூர் போனா செந்தோசாவோட நிறுத்திடாதீங்க, கிராஞ்சி எம்.ஆர்.டி.ல இறங்குங்க. அதுக்கு முன்னாடி நந்தம்பாக்கம். நான் போன அன்னைக்கு உள்ள இருந்தது தோட்டக்காரரும் நானும்தான். செடிக்குத் தண்ணி விட்டுட்டு இருந்தவர், "யாரைத் தேடறீங்க தம்பி?"ன்னு கேட்டார். யாரையும் இல்லைண்ணேன்னு சொன்னேன். சரின்னு தலையாட்டிட்டு அடுத்த வரிசைக்குப் போயிட்டார்.