குவார் கெப்பா சிப்பிமேடு

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், செபராங் பிறை வட மாவட்டத்தில், கெப்பாலா பத்தாஸை அடுத்து முடா ஆற்றுக்குத் தெற்கே உள்ள புதிய கற்காலத் தொல்லியல் தலம். பெயரில் மேடு உண்டு. தலத்தில் இன்று மேடென்று சொல்ல அதிகம் மிஞ்சவில்லை.

ஏறத்தாழ 6,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இப்போதையதைவிடச் சில மீட்டர் உயர்ந்திருந்தது. இன்று வயலாகக் கிடக்கும் இப்பகுதியை ஒட்டியே அப்போது கரை இருந்தது. அங்கு வாழ்ந்தோர் தின்று எறிந்த சிப்பி ஓடுகள் குவிந்து மூன்று மேடுகளாயின. வெறும் குப்பைமேடு என்று இவற்றை ஒதுக்கிவிட முடியாது. இறந்தவர்களையும் அங்கேயே புதைத்தார்கள்; சில எலும்புகளில் செங்காவி படிந்திருக்கிறது. கற்கோடரிகளும் அரைகற்களும் பானை ஓடுகளும் உடன் கிடைத்தன.

அன்று வெல்லெஸ்லி மாநிலம் எனப்பட்ட செபராங் பிறையில் பிரிட்டிஷ் அதிகாரியாக இருந்த ஜார்ஜ் வின்ட்சர் ஏர்ல் 1860-இல் இவற்றை ஆராய்ந்தார். இந்தோனேசியா என்ற பெயருக்கு வித்திட்டவரும் இவரே. அவர் வருவதற்கு முன்பே மேடுகளைச் சுண்ணாம்புக்காக வெட்டத் தொடங்கியிருந்தனர். தமிழ்நாட்டுக் கடற்கரையில் கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டதை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பிராது: சிப்பிக் குவியலைக் கண்டால் சுண்ணாம்புக்காரர் விடமாட்டார். 1934-இல் டச்சுத் தொல்லியலாளர் வான் ஸ்டைன் காலன்ஃபெல்ஸ் முறையாக அகழ்ந்தபோது மேடுகள் பெரிதும் சிதைந்திருந்தன.

அழிந்தது மேற்பகுதிதான். காட்சிக்கூடம் அமைப்பதற்கான பணி நடந்தபோது, 2017 ஏப்ரலில், மண்ணுக்கடியிலிருந்து ஒரு பெண்ணின் எலும்புக்கூடு வெளிப்பட்டது. கைகளை மடித்துக் கிடத்தி, சுற்றிலும் பானைகளும் கற்கருவிகளும் சிப்பிகளும் வைத்துப் புதைத்திருந்தனர். மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதன் வயதை ஏறத்தாழ 5,700 ஆண்டுகள் எனக் கணித்தனர். ‘பினாங்குப் பெண்’ என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது.

கடாரம் என்றதும் முடா ஆற்றுக்கு அப்பாலுள்ள பூஜாங் பள்ளத்தாக்கும் சோழர் படையெடுப்பும் தமிழர் நினைவுக்கு வரும். இந்தப் பெண் அந்தப் படையெடுப்புக்கு நாலரை ஆயிரம் ஆண்டுக்கும் மேல் மூத்தவள். ஆயினும் நம்மவர் எழுத்தில் அவளைக் காண்பது அரிது.

முந்தைய அகழ்வுகளில் கிடைத்த 41 பேரின் எலும்புகள் நெதர்லாந்தின் லைடன் நகரில் வைக்கப்பட்டிருந்தன. அவற்றைத் திரும்பப் பெறப் பினாங்கு மாநில அரசு முயன்றது.