கொல்லிமலை ஏற எந்த கேம்? புல்லட் எஞ்சினுக்குள் ஒரு வரலாறு

இன்னைக்கு எபிசோட் ஒரே ஒரு கேள்வியைப் பத்தினது. சேலம், நாமக்கல் பக்கம் தினசரி ஓட்டுற, வருஷத்துக்கு ரெண்டு லாங் டூர் போற ஒருத்தர் தன்னோட புல்லட்டுக்கு பெர்ஃபாமன்ஸ் கேம்ஷாஃப்ட் மாத்தலாமா? கேட்கும்போது இது மெக்கானிக் கிட்ட கேட்க வேண்டிய கேள்வி மாதிரி இருக்கும். பதில்ல பாதி வரலாற்றுல இருக்கு.

முதல்ல கேம்னா என்ன? ஒரு தண்டு, அதுல குறுக்குவெட்டில் முட்டை மாதிரி புடைச்ச பகுதிகள். தண்டு சுத்தும்போது அந்தப் புடைப்பு வால்வைத் தள்ளித் திறக்கும், தாண்டினதும் ஸ்பிரிங் மூடும். முட்டைன்னு சொன்னா நாமக்கல்காரங்களுக்கு விளக்கம் தேவையில்லை.

இது நம்ம ஊருக்குப் புதுசும் இல்லை. குமாரபாளையம், திருச்செங்கோடு, சேலத்துல ஓடுற சாதாரண விசைத்தறியைக் குனிஞ்சு பாருங்க. கீழ்த்தண்டுல இருக்கிற கேம்தான் பாவு நூலை மேலும் கீழும் பிரிக்குது. மேல இருக்கிற கிராங்க் ரெண்டு சுத்து சுத்தினா கீழ்த்தண்டு ஒரு சுத்து. நாலு ஸ்ட்ரோக் பைக் எஞ்சின்லயும் அதே கணக்குதான்: கிராங்க் ரெண்டு சுத்து, கேம் ஒரு சுத்து. ரெண்டு இடத்துலயும் கேம்தான் நேரத்தைத் தீர்மானிக்குது. எது எப்போ திறக்கணும், எவ்வளவு நேரம் திறந்திருக்கணும் என்கிற உத்தரவு அந்த இரும்போட வடிவத்துலயே எழுதியிருக்கு. எங்க பாஷைல சொன்னா, கம்பெனி ஹார்டுவேர்ல செதுக்கி வச்ச டிஃபால்ட் செட்டிங்.

அந்த டிஃபால்ட்டை யார் முடிவு பண்ணாங்க? இங்கிலாந்தின் ரெடிச் நகரத்துல இருந்த என்ஃபீல்டு சைக்கிள் கம்பெனி. புல்லட் என்கிற பேர் 1932லயே வந்தாச்சு. நமக்குத் தெரிஞ்ச புல்லட்டின் முன்னோடி 1949ல வந்த 350. துளை 70 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 90 மில்லிமீட்டர், மொத்தம் 346 சிசி. போர் முடிஞ்ச காலம் அது. இங்கிலாந்துல அப்போ கிடைச்சது தரம் குறைஞ்ச 'பூல்' பெட்ரோல். 1950 வரைக்கும் அதுவும் ரேஷன்ல. அந்த மாதிரி பெட்ரோலுக்கு அதிக கம்ப்ரெஷன் கொடுத்தா எஞ்சின் தட்டும். அதனால தாழ்ந்த கம்ப்ரெஷன், நீண்ட ஸ்ட்ரோக், மெதுவா சுத்தி பலமா இழுக்கிற கேம்.

1950களின் தொடக்கத்துல இந்திய ராணுவம் எல்லைக் காவலுக்கு 800 புல்லட் கேட்டது. 1955ல மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெடிச் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பிச்சாங்க. திருவொற்றியூர்ல தொழிற்சாலை. 1957ல கருவிகளும் அச்சுகளும் இங்க வந்து சேர்ந்தன. 1970ல இங்கிலாந்துல என்ஃபீல்டு உற்பத்தி முழுசா நின்னுபோச்சு, மெட்ராஸ்ல ஓடிக்கிட்டே இருந்தது. ரெடிச்சுக்குக் காரணமா இருந்த பெட்ரோல் தட்டுப்பாடு மறைஞ்ச பிறகும் அந்தக் குணம் இங்க நிலைச்சதுக்கு நம்ம சாலைதான் காரணம்னு நினைக்கிறேன். ஒருவழி ரோடு, மாட்டுவண்டி, லாரிக்குப் பின்னாடி முப்பதுல ஊர்ந்து போய் கியர் மாத்தாம ஓவர்டேக். அதுக்கு டாப் ஸ்பீடு தேவையில்லை, இழுவைதான் தேவை.

இதுக்கு எனக்குப் பிடிச்ச ஆதாரம் ஒண்ணு இருக்கு. 2009ல கிளாசிக் வந்தப்போ இருந்த யூசிஇ எஞ்சின்ல கேம் கீழே இருக்கும், புஷ்ராட் வழியா வால்வைத் தள்ளும். 350 யூசிஇ-ல அதிகபட்ச டார்க் 28 நியூட்டன் மீட்டர், 4,000 ஆர்பிஎம்ல. 2020 நவம்பர்ல மீட்டியாரோட வந்த ஜே சீரிஸ் எஞ்சின் புது வடிவமைப்பு. கேம் தலைக்கு மேலே ஏறிடுச்சு, புஷ்ராட் போயிடுச்சு, துளையும் ஸ்ட்ரோக்கும் மாறிடுச்சு. அதிகபட்ச டார்க்? 27 நியூட்டன் மீட்டர், அதே 4,000ல. மத்ததெல்லாம் மாறியும் அந்த எண் மாறலை. தெரிஞ்சேதான் அதைக் காப்பாத்தியிருக்காங்க.

இப்போ பெர்ஃபாமன்ஸ் கேம் என்ன பண்ணும்? வால்வை இன்னும் உயரமா, இன்னும் நீண்ட நேரம் திறக்கும். இன்டேக் வால்வு தாமதமா மூடும். வேகமா சுத்தும்போது உள்ளே பாய்ஞ்சு வர்ற காற்றுக்கு ஒரு உந்துதல் இருக்கும். பிஸ்டன் மேலே ஏற ஆரம்பிச்ச பிறகும் அது சிலிண்டரை நிரப்பும். லாபம். மெதுவா சுத்தும்போது அந்த உந்துதல் இருக்காது. உள்ளே வந்த கலவையில கொஞ்சத்தை பிஸ்டனே திருப்பி வெளியே தள்ளிடும். நஷ்டம். மேலே கிடைக்கிற பவருக்கு கீழே இருக்கிற இழுவையில விலை கொடுக்கறீங்க.

கணக்கு போடுவோம். ஜே சீரிஸ் 6,100 ஆர்பிஎம்ல 20.2 பிஎச்பி. 4,000ல 27 நியூட்டன் மீட்டர்னா, அங்கே கையில இருக்கிறது சுமார் 15 பிஎச்பி. என்எச் 44ல சேலத்துல இருந்து நாமக்கல் வரைக்கும் நிதானமா போற ஆள் பெரும்பாலும் இருக்கிறது அந்த 4,000ஐ ஒட்டித்தான். கொல்லிமலையோட 70 கொண்டை ஊசி வளைவுல, பின்னாடி ஆளும் பையும் இருக்கிறப்போ, அதுக்கும் கீழே. 6,000ல ரெண்டு பிஎச்பி கூடறதுக்காக 3,000ல இழுவையை விட்டா, தினமும் இருக்கிற இடத்துல இழக்கறீங்க, எப்பவாவது போற இடத்துல ஜெயிக்கறீங்க.

அப்போ யாருக்குத்தான் இந்த கேம்? 1977ல இருந்து புல்லட் இங்கிலாந்துக்குத் திரும்ப ஏற்றுமதியாச்சு. அங்கே மோட்டார்வே, வேகமான டிராஃபிக். அந்த நாட்டோட ஹிட்ச்காக்ஸ் மாதிரி கடைகள் புல்லட்டுக்குப் பெர்ஃபாமன்ஸ் கேம் விக்கறாங்க. ரோடு வேற, கேம் வேற.

ஆனா கேம் மட்டும் தனியா வேலை செய்யாது. 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்ல 5,500 ஆர்பிஎம் சுத்தினா பிஸ்டனோட சராசரி வேகம் விநாடிக்கு 16.5 மீட்டர். 2018ல வந்த 650 ட்வின்ஸ்ல ஸ்ட்ரோக் 67.8 மில்லிமீட்டர். அதே பிஸ்டன் வேகத்துக்கு அது 7,300 வரைக்கும் சுத்தலாம். அதனாலதான் 47 பிஎச்பி சாதாரணமா வருது. அதுலயும் டார்க்கில் 80 சதவீதம் 2,500லயே கிடைக்கிற மாதிரி வச்சிருக்காங்க. பழைய இரும்பு எஞ்சின் புல்லட்ல பிக் எண்டுல மிதக்கும் புஷ்தான். கேமை மாத்தி அதை 6,500க்கு விரட்டினா முதல்ல அழுறது அதுதான்.

என் முடிவு இது. 350 வச்சு நம்ம சமவெளியும் மலையும் சுத்துறவங்க கேமை அப்படியே விடுங்க. அந்தக் காசை டயர், பிரேக், சஸ்பென்ஷன், சரியான ஸ்ப்ராக்கெட், வால்வு க்ளியரன்ஸ் செக் பண்றதுக்குப் போடுங்க. 650ல பெங்களூரு, ஹைதராபாத்னு ஹைவேலயே வாழறவங்களா இருந்தா, லிஃப்ட் கொஞ்சம் கூடி, திறந்திருக்கிற நேரம் அதிகம் நீளாத மிதமான கேமைப் பாருங்க. கூடவே வால்வு ஸ்பிரிங், பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடைவெளி, ஈசியூ மேப்பிங் மூணும் சரி பார்க்கணும். சேலம் வெயில்ல காற்றால குளிர்ற எஞ்சினுக்குத் தப்பான மேப்பிங் போட்டா சூடு தாங்காது. சட்டத்தையும் மறக்காதீங்க. மோட்டார் வாகனச் சட்டத்தோட 52ஆவது பிரிவு, கம்பெனி குறிப்பிட்ட அமைப்புக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு சொல்லுது. 2019ல உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியிருக்கு. எமிஷன், வாரன்ட்டி, இன்ஷூரன்ஸ் மூணையும் கேட்டுட்டு கைவைங்க.

விசைத்தறிக்காரர் புது டிசைன் வேணும்னா முதல்ல எந்தத் துணி நெய்யப் போறோம்னு பார்ப்பார், அப்புறம்தான் கேமைத் தொடுவார். நீங்களும் முதல்ல உங்க ரோட்டைப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.